புல்லுக்கும் ஓய்வு வேண்டும்

மேய்ச்சல் நிலத்தில் நடந்த ஒரு மரம் நடு விழாவின் வீடியோவுக்குக் கீழே வந்திருக்கும் கருத்துகளைப் படித்துவிட்டு வயிறு எரிகிறது. மேய்ச்சல் புறம்போக்கில் கம்பி வேலி போட்டாயிற்று, குழியும் எடுத்தாயிற்று. ஆட்டோடு வந்த அம்மாவை ஓரமாகப் போகச் சொல்கிறார்கள். அதற்கு "தரிசு பசுமையாகிறது" என்று நூறு பேர் வாழ்த்து!

அது தரிசு இல்லைங்க, மேய்ச்சல் நிலம். மரம் இல்லாவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லையா? புல் கணக்கில் வராதா?

"ஆடு மாடு மேய்ந்தால் நிலம் பாழாகும்" என்கிறார்கள். பாழாகும்தான், ஓய்வே கொடுக்காமல் மேயவிட்டால். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்று சொல்லும் சொந்த மேய்ச்சல் காட்டைப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காட்டைப் பிரித்து மாற்றி மாற்றித்தான் மேய விடுவார்கள். என் தாத்தா மழை பெய்ததும் உடனே படலைத் திறக்கவே மாட்டார். குனிந்து புல்லின் தூரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கையோடு வந்தால், "இன்னும் வேர் பிடிக்கல, விடு" என்பார். வீட்டில் மாடு கத்தும், பாட்டி திட்டுவார், அசைய மாட்டார்.

"அது சொந்தக் காடு, பொது நிலத்தை யார் பார்ப்பது?" நியாயமான கேள்வி. ஊர் கூடி, மேய்ப்பவர்களையும் உட்காரவைத்து, எந்தப் பக்கத்தை எப்போது மூடுவது, எத்தனை ஆடு மாட்டை விடுவது என்று முடிவு செய்யலாம். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்கலாம். பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊரிடம் ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. வனத்தில் மேய்க்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இங்கே வேலிதான் வருகிறது.

நான் மரத்துக்கு எதிரி இல்லை. ஏரிக்கரையில் நடுங்கள், சாலையோரம் நடுங்கள். மேய்ச்சல் நிலத்திலேயே நட வேண்டுமென்றால் வெள்வேலை இடைவெளி விட்டு நடுங்கள், அதன் காயை ஆடு தின்னும். புல்லை மூடுகிற மாதிரி நெருக்கி நடாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், "ஆடு மேய்க்கிறவனுக்கு என்ன தெரியும்" என்று எழுதிய தம்பிக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத நாளெல்லாம் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று கேட்டு வளர்ந்தவன் நான். வீட்டில் தாத்தா செய்யும் வேலையை வசவாகக் கேட்பது எப்படி இருக்கும் தெரியுமா? பட்டி வைத்திருக்கும் யாரிடமாவது போய், எந்தப் புல் எப்போது விதை உதிர்க்கும் என்று கேட்டுப் பார். உடனே சொல்வார்கள். வேலி போடுமுன் அவர்களிடம்தான் யாரும் கேட்கவில்லை.