மாதொருபாகன் நமக்குப் புதியவர் அல்லர்

கேதார கௌரி விரதக் காப்பு கட்டும் நாட்கள். வவுனியாப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: அர்த்தநாரீஸ்வரர், அதாவது பாதி உடல் அம்மையாக இருக்கும் சிவன் (மாதொருபாகன்), வடக்கிலிருந்து அண்மையில் வந்த வடிவமாம், பழந்தமிழில் இல்லையாம். இது பிழை.

பெயர் வடமொழிதான், சரி. ஆனால் புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலேயே 'பெண்ணுரு ஒருதிறன் ஆகின்று' (பெண் வடிவம் ஒரு பாகமாயிற்று) என்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் முதல் பதிகத்தை 'தோடுடைய செவியன்' என்று தொடங்கினார். தோடு பெண்கள் அணிவது. அம்மை இருக்கும் இடப்பக்கக் காதில் தோடு, வலக்காதில் குழை. நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடும் தேவாரம் அது. அந்த ஒரு சொல்லின் பொருளையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், 21 நாள் நாம் நோற்பதே கௌரி இறைவனின் பாதி உடலைப் பெற்ற கதைக்காகத்தானே!