ஆராயாமல் விட்டுவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்

கோவிட் தடுப்பூசி பற்றி ஒருவர் பேசிய நேரலையைப் பலர் பார்த்திருப்பீர்கள், முழுவதையும் நான் விவரிக்கப் போவதில்லை. கர்ப்பம் என்று தெரியும் முன்பே கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு பெண் பயந்துபோய்க் கேட்கிறாள். அவளிடம் "82 சதவீதம் கரு கலைந்துவிடும்" என்கிறார் அந்த மனிதர். எப்படி மனசு வந்தது?

அந்த 82-இன் கதை இதுதான். 2021-இல் அமெரிக்காவில், கர்ப்பத்தில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அதில், பிரசவமாகியோ கலைந்தோ கர்ப்பம் முடிந்திருந்தவர்கள் 827 பேர். கடைசி மூன்று மாதத்தில் ஊசி போட்டுக்கொண்ட 700 பேரைக் கழித்தால் 127. கலைந்தவை 104. 104-ஐ 127-ஆல் வகுத்து 82 சதவீதம் என்று சிலர் பரப்பிவிட்டார்கள். ஆனால் தொடக்க வாரங்களில் போட்டுக்கொண்ட பெரும்பாலோர் அப்போது கர்ப்பமாகவே இருந்தார்கள், அந்த 127-க்குள் வரவே இல்லை! மூன்று மணி நேரத் தேர்வில் முதல் அரை மணியிலேயே தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தவர்களை மட்டும் எண்ணி, வகுப்பே தோற்றது என்பது போன்ற கணக்கு இது. பிறகு 2,456 பெண்களை வைத்து 20 வாரம் வரைக்குமான கணக்கைச் சரியாகப் போட்டபோது வந்தது சுமார் 14 சதவீதம். தடுப்பூசிக்கு முன்பும் கலைவது ஏறக்குறைய இந்த அளவில்தான்.

ஆனால் என் கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. 2020-இல் கோவிட் தடுப்பூசிகளின் பெரிய பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. பாதுகாப்புக்காகவாம். ஆராயாமல் விடுவது பாதுகாப்பு இல்லை. கண்காணிப்போடு தெரிந்துகொள்ள வேண்டியதை, அவள் தனியாகச் சுமக்கட்டும் என்று விடுவது அது.

உடனே தாலிடோமைடைக் கொண்டு வருவீர்கள், கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்டு, குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறக்கக் காரணமான அந்த மருந்தை. கொண்டு வாருங்கள். 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டது கர்ப்பிணிகளை வைத்து ஆய்வு செய்ததாலா? ஒழுங்காக ஆராயாமல் விற்றதால்!

"கர்ப்பிணிகள்மேல் சோதனை செய்யச் சொல்கிறாயா?" தெரிந்தோ தெரியாமலோ ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களைப் பதிவு செய்து, எந்த வாரத்தில் போட்டார்கள் என்று குறித்து, பிரசவம் வரை பின்தொடரச் சொல்கிறேன். ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசியைக் கர்ப்பத்தில் இன்றும் தவிர்க்கிறோம், சரி. ஆனால் தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களை அமெரிக்காவில் 1971 முதல் 1989 வரை பதிவு செய்து பார்த்தார்கள். பிறவி ருபெல்லா பாதிப்போடு ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. அதனால்தான் இன்று அப்படி ஒருத்தி வந்தால் "பயப்படாதே, கலைக்க வேண்டாம்" என்று மருத்துவரால் சொல்ல முடிகிறது. யாரோ உட்கார்ந்து எண்ணியதால் கிடைத்த ஆறுதல் அது.

எனக்கு அது கிடைக்கவில்லை. பத்தாவது வாரத்தில் எனக்குக் கலைந்தது. அதற்குச் சில வாரம் முன்பு ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது "ஏன் போட்டாய்?" என்றுதான். சாப்பிட்டாயா என்றுகூட அப்புறம்தான். முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் பிழையே காரணம் என்று அன்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தடுப்பூசி, மாடிப்படி, அலுவலகம் எல்லாம் காரணம், எல்லாவற்றிலும் குற்றவாளி நான்.

மருந்து நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். வாங்கவில்லை. ஒரு தடுப்பூசியால் ஆபத்து உண்டென்றால் அதையும் இதே எண்ணிக்கைதான் காட்டும், வேறு வழி இல்லை.

"உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறாய்" என்று காலையில் ஒருவர் அனுப்பியிருக்கிறார். ஆமாம், அப்படித்தான் எழுதுகிறேன். இவ்வளவு பேர் என்னிடம் ஏன் போட்டாய் என்று கேட்டார்கள். என்றைக்குப் போட்டாய் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டவர் அந்த மருத்துவமனையில்கூட ஒருவரும் இல்லை.