ஜெபக் குறிப்பு என்ற பெயரில்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்தேன். ஒரு சகோதரி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு ஜெபக் குறிப்பு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஜெபத்துக்கு மட்டும்தான்" என்று ஆரம்பித்தார். சொல்ல வந்தது இன்னொரு குடும்பத்தின் கதை. "அவங்ககிட்ட நீங்க பேசிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அவரைச் சங்கடப்படுத்தியதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதே வார்த்தைகளை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன நடந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் எடுக்கும் பால்மரக் காடு, இப்போது எங்கே திரும்பினாலும் எண்ணெய்க்கான செம்பனை. நான் பிறந்த தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், லுத்தரன் குடும்பமும் இருந்தது, மெதடிஸ்ட் குடும்பமும் இருந்தது, கத்தோலிக்கக் குடும்பமும் இருந்தது. தாத்தா பாட்டி எந்த மிஷன் ஊரிலிருந்து கப்பலேறினார்களோ அந்தச் சபை. மாலை ஜெபம் மட்டும் ஒரே வீட்டில் நடக்கும். ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாமுக்கு லோரி கிளம்பினால் அதில் இந்துக் குடும்பங்களும் ஏறிக்கொள்ளும். 1960-ல் எங்கள் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் அவை கைமாறி, நம் ஆட்கள் நடுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. சங்கம் தோட்டம் வாங்குவதற்காக, பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (எங்கள் நாட்டுப் பணம்) பங்குப் பணம் கட்டினார்கள், என் அப்பா உட்பட. பக்கத்து வீட்டுக்காரன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று பார்த்து யாரும் கட்டவில்லை.

அந்த ஜனங்களின் பிள்ளைகள்தான் நாங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அதிலும் பெரும்பாலோர் சபா, சரவாக்கில். தமிழ்க் கிறிஸ்தவர்கள் என்று எண்ணினால் ஒரு பிடிதான். இருந்தும் எங்கள் பட்டணத்தில் கடைவீட்டு மாடி ஒன்றில் புதுச் சபை தொடங்கினால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மனக்கசப்பு இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம் வருகிறது. நாட்டளவில் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் ஒரே சம்மேளனத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நல்லது, அது வேண்டும். எங்கள் சபை உடைந்த இடமோ ஒரு வாழைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அறுப்பின் பண்டிகை ஏலம், சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஏலம் விடுவது. பூசணிக்காய், நாட்டுக்கோழி, யாரோ வீட்டில் சுட்ட முறுக்கு. ஒரு அண்ணன் வாழைத்தாரை 180 வெள்ளிக்கு எடுத்தார். கடையில் அதற்கு யாரும் அவ்வளவு கொடுக்கமாட்டார்கள். காணிக்கை என்று நினைத்துத்தான் எடுத்தார். மூன்று வாரம் கழித்து, பணம் கட்டாதவர்கள் பட்டியல் சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. அன்றைக்கே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றார். கணக்கில் இல்லையே என்றார் பொருளாளர். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே தோட்டத்து லோரியில் பள்ளிக்கூடம் போனவர்கள். அடுத்த ஞாயிறு அந்த அண்ணன் குடும்பம் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

இங்கேதான் நான் வருகிறேன். ஆறு பேருக்கு எழுதினேன்: "இந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், பணக் கஷ்டம் போல." எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல அந்தப் 'போல' உதவியது. ஒரு வாரத்தில் அது உதிர்ந்துபோய், பணக் கஷ்டம் என்று ஆனது. அப்புறம் கடன் என்று ஆனது. அவருடைய மகள் வேலை செய்யும் இடத்தில், "உங்கப்பாவுக்கு வட்டிக்காரன் தொல்லையாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான்கு மாதம் கழித்து அந்த உறை கிடைத்தது, ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டுக்குள். ஏல நாளில் வாங்கி வைத்தவர் பதிவேட்டில் செருகிவிட்டு மறந்திருக்கிறார். பொருளாளர் குரூப்பில் ஒரு வரி போட்டார்: "தொகை கிடைத்துவிட்டது, நன்றி." நாங்களும் கைகூப்பும் படங்களைப் போட்டுவிட்டு, விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

முடியவில்லை என்று கண்டவர் எங்கள் சபையில் ஒரு பெரியம்மா. எழுபத்தெட்டு வயது, முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். பொருளாளர் வீட்டுக்கு நடந்தே போய், "அவன நேர்ல போய்ப் பாத்தியாப்பா?" என்று கேட்டார்.

"குரூப்ல போட்டுட்டேனே பெரியம்மா."

"குரூப்புக்கா காயம்? அவனுக்குத்தானே."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'காயம்' என்ற அந்தச் சொல் புரியும். பால் வெட்டும் உளி மரத்தின் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அதுதான் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் முடிச்சுமாக வளரும். சில வருஷம் கழித்து அதே பக்கம் திரும்ப வெட்ட வரும்போது உளி ஓடாது. அன்றைக்குப் பால் நிறைய வடிந்திருக்கும், பால் பிடிக்கும் மங்கு நிறைந்திருக்கும். காயத்தின் நஷ்டம் பின்னால்தான் தெரியும். அதனால்தான் மேற்பார்வை பார்க்கும் கங்காணிமார் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

மறுநாள் பெரியம்மா பொருளாளரைக் கூட்டிக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். உள்ளே போகவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, நான் வெளியில உக்காந்திருக்கேன்" என்று வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மத்தேயு 18-ல் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று இருக்கிறது. எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு நாற்காலி உண்டு என்று எனக்குத் தோன்றியதில்லை.

அன்றிலிருந்து பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தை விடாமல் படிக்கிறேன். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். இருவரும் சுவிசேஷ வேலையில் பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள். சிறைக்கட்டில் இருந்தபடி பவுல் அவர்கள் ஒரே சிந்தையாய் இருக்கும்படி கேட்கிறார். சண்டை எதற்கு என்று ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாகச் சபைகளில் வாசிக்கப்படும் கடிதம் அது. அவர்கள் மானம் அதில் காக்கப்பட்டிருக்கிறது. அடுத்து மூன்றாவது ஆள் ஒருவரிடம், அந்தப் பெண்களுக்கு உதவியாக இரு என்கிறார். யார் சரி, யார் தப்பு என்று தீர்த்துவை என்று சொல்லவில்லை. நான் என்றால் விவரம் எழுதியிருப்பேன், ஜெபத்துக்காக என்று.

நற்குணத்தைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் தனிமனித ஒழுக்கமாகவே இருக்கிறது: குடிக்கிறாரா, பொய் சொல்கிறாரா, தசமபாகம் கொடுக்கிறாரா. 'ஆவியின் கனிகள்' என்று பன்மையில் சொல்லிப் பழகிவிட்டோம். கலாத்தியரில் இருப்பது 'கனி', ஒருமை. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று அந்த ஒன்பதையும் எண்ணிப் பாருங்கள். நீடிய பொறுமை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வளருமா? நம்மை எரிச்சலூட்டும் ஒரு ஆள் பக்கத்து பெஞ்சில் இருந்தால்தானே அது வளரும்? எபேசியரில் ஆவியின் ஒருமையை உண்டாக்குங்கள் என்று இல்லை, காத்துக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. தேவன் ஏற்கெனவே கையில் கொடுத்துவிட்டார். அதைத்தான் நாம் கீழே போடுகிறோம்.

அந்த அண்ணன் எங்கள் சபைக்குத் திரும்பி வரவில்லை. கடைவீட்டு மாடிச் சபையில்தான் இருக்கிறார். "அப்புறம் போய் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஆளைத் திரும்பப் பிடித்துவரவா பெரியம்மா போனார்? போன வருஷம் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, பெட்டியின் முன்பக்கம் ஒருபுறம் பொருளாளர், மறுபுறம் அந்த அண்ணன்.

நான் அன்றைக்குத் தூரத்தில் நின்றுகொண்டேன். எனக்கு மட்டும் இன்னும் முடியாமல் இருந்தது. அந்த ஆறு பேரிடமும் ஒவ்வொருவராகப் போய், நான் எழுதியது எனக்குத் தெரியாத விஷயம் என்று சொல்லவே பல மாதம் ஆனது. கடைசியில் போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். பணக் கஷ்டம் என்று கிளப்பிவிட்டது நான்தான் என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அண்ணி மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

"தெரியும்மா," என்றார் அப்புறம். "நீ எழுதினத அப்பவே ரெண்டு பேரு எனக்கே அனுப்பிட்டாங்க."

இரண்டு வருஷமாகக் கடைத்தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர்தான் முதலில் தலையாட்டுவார்.

"குடிம்மா, ஆறிடும்," என்றார். குடித்தேன். மகள் அறையில்தான் இருந்தாள், வெளியே வரவில்லை. அவளைப் பார்க்க இன்னொரு நாள் போக வேண்டும்.