நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் சபையில் யார் இருக்கிறார்?

திருகோணமலை நகரில் நடைபாதை, சைக்கிள் பாதை என்று பேச்சு வந்தால் எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என் கவலை வேறு. நாளையே ஓர் உதவித் திட்டம் முழுப் பணத்தையும் கொண்டுவந்து கொட்டினாலும், அதைப் பொறுப்பேற்று, எந்தச் சந்தியில் வேலையைத் தொடங்குவது என்று சொல்லக்கூடிய உத்தியோகத்தர் யார் என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

வீதிகள் பங்கு பிரிந்து கிடப்பதே சிக்கலின் வேர். கண்டி வீதி ஏ-6, அநுராதபுர வீதி ஏ-12. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் நகரின் உள்ளூராட்சிச் சபையினுடையவை. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது பொலிஸ். வாகனத்தில் போகிறவருக்கு இந்தப் பிரிவினை தெரியவே தெரியாது. உவர்மலையிலிருந்து சந்தைக்கு நடந்து வருகிற முதியவருக்குத்தான், ஒருவரின் எல்லை முடிந்து அடுத்தவரின் எல்லை தொடங்கும் இடத்தில் காலடியில் நடைபாதை காணாமற்போகிறது.

எங்கள் பகுதியில் வடிகானின் கொங்கிரீட் மூடியொன்று உடைந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் பூவரசங்கிளை ஒன்றை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டார். பாடசாலை விடும் நேரத்தில் பிள்ளைகள் அந்தக் கிளையைச் சுற்றி வீதிக்கு இறங்கி, பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். முறையிடப் போனால், ஓர் அலுவலகத்தில் வீதி தங்களுடையதல்ல என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் வடிகான் தங்களுடையதல்ல என்றார்கள். இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல்.

கார்களின் நாடான அமெரிக்காவிலேயே, 1991ஆம் ஆண்டின் தரைவழிப் போக்குவரத்துச் சட்டம், ஒவ்வொரு மாநிலப் போக்குவரத்துத் திணைக்களமும் சைக்கிள், பாதசாரி விடயங்களுக்கென ஓர் இணைப்பாளரை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. சென்னை மாநகராட்சி 2014இல், நடைக்கும் சைக்கிளுக்கும் இடம் கொடுக்கும் மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது 2019இல். கொள்கைப் பத்திரம் தானாக எழுந்து போய்க் கல் பதிக்காது; இடைப்பட்ட ஆண்டுகளில் கோப்பை நகர்த்திக்கொண்டிருக்க ஆள் வேண்டும்.

நமது நாட்டிலும் ஒரு காலத்தில் உள்ளூராட்சிச் சபைகள் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் உரிமம் வழங்கி, சின்னத் தகரத் தகடு ஒன்றும் கொடுத்தன. வரி வாங்குவதற்காகச் சைக்கிளை எண்ண ஆள் இருந்தது. பாதை அமைப்பதற்காக எண்ண ஆள் இல்லை. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, மூலையில் கிடந்த சைக்கிள்களெல்லாம் தூசி தட்டப்பட்டு வீதிக்கு வந்தபோது, காலை வேளையில் நான்கு சந்திகளில் நின்று எண்ணியிருந்தால் இன்று பேசுவதற்கு ஓர் ஆதாரம் கையில் இருந்திருக்கும்.

இப்படி ஓர் ஆளுக்குப் புதிய பதவி என்றால் ஆளணி அனுமதி வேண்டும், கோப்பு கொழும்பில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் வரை போகவேண்டும். ஆகவே நான் புதிய பதவி கேட்கவில்லை. சபையில் இருக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரின் கடமைப் பட்டியலில் நடப்பவர், சைக்கிளில் போகிறவர் விடயங்களை எழுத்தில் சேர்த்து, கிழமையில் இரண்டு நாட்களை இதற்கென்றே ஒதுக்கினால் போதும். அவர் அளவுநாடாவோடு நடந்து, மங்கிப்போன மஞ்சள் கடவைகளையும், உடைந்த மூடிகளையும், நடைபாதை மேல் ஏறிவிட்ட கடைப் படிகளையும் குறித்து, உரிய நிறுவனத்துக்கு எழுதி, பதில் வரும்வரை விடாமல் தொடர வேண்டும். அதைவிட முக்கியமாக, வீதி விரிவாக்க வரைபடம் இறுதியாகுமுன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, நடப்பவருக்கு எத்தனை அடி என்று கேட்க வேண்டும். (நமது நகரில் திரிந்து வீதியில் படுத்திருக்கும் மான்களுக்குக் காட்டும் பொறுமையை நமது சாரதிகள் கடவையில் நிற்கும் மனிதருக்குக் காட்டுவதில்லை; அது எந்த உத்தியோகத்தராலும் தீராது.)

மேலதிக வேலையாகக் கொடுத்தால் கழிவகற்றலும் ஆதனவரியும் வந்து அதை விழுங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பயம். அதனால்தான், அவர் மாதாந்தச் சபைக் கூட்டத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்கிறேன். அடுத்த பாதீடு சபைக்கு வருமுன் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் வர்த்தகர்களும் இதை உறுப்பினர்களிடம் எழுத்தில் கொடுக்கலாம். முதல் வேலையாக மத்திய வீதியையும் பாடசாலை வாயில்களையும் எடுத்துக்கொண்டால் போதும்.