டெல்லிக்குச் சொன்ன அந்த 10,000 பேருந்துகள்

மின்சாரப் பேருந்து வந்துவிட்டது, இனி சென்னையின் காற்று சுத்தமாகிவிடும் என்று நண்பர்கள் பலர் எழுதுகிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பியதை முழு மனதோடு வரவேற்கிறேன். கூடவே டெல்லியில் நடந்ததையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், டெல்லி நகரப் பேருந்துகள் எல்லாம் சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கெடு 2001 மார்ச். எரிவாயு நிரப்பும் இடங்கள் போதவில்லை, வண்டிகள் வரிசையில் காத்துக் கிடந்தன, கெடுவும் தள்ளிப்போனது. டீசலில் ஓடும் பேருந்துக்குத் தினமும் அபராதம் என்று நீதிமன்றம் கண்டிப்பு காட்டிய பிறகுதான் 2002 முடிவதற்குள் வேலை நடந்தது.

அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. பேருந்துகளின் எண்ணிக்கையை 10,000 ஆக உயர்த்த வேண்டும். கால் நூற்றாண்டு கடந்தும் டெல்லியில் அத்தனை நகரப் பேருந்துகள் ஓடவில்லை. காத்திருந்து அலுத்தவர்கள் பைக் வாங்கினார்கள், வசதி வந்ததும் கார் வாங்கினார்கள். 2017இல் அங்கே பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டின. வைக்கோல் எரிப்பும் கட்டுமானத் தூசும் தனிக் கணக்கு. பேருந்துப் புகையைக் குறைத்த பலன் இதிலெல்லாம் கரைந்துபோனது.

அதற்காக, புகையில்லாத பேருந்தால் என்ன பயன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. பழைய டீசல் பேருந்து நிறுத்தத்தை விட்டு நகரும்போது பாருங்கள். முதல் கியரில் ஒரு உறுமல், பின்னால் கரும்புகை. அது நேராகப் போவது பள்ளிப் பையோடு நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு. நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து பூ கட்டும் அம்மாவுக்கு அந்தப் புகைதான் மூச்சுக்காற்று. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. மின்சாரப் பேருந்து வந்த தடத்தில் இந்த அம்மாவுக்கு அன்றைக்கே விடிவுதான்.

மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்பார்கள். உண்மைதான், அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் வாழும் எண்ணூர்க்காரர்கள் அந்த நிலக்கரிச் சாம்பலை இன்றும் சுவாசிக்கிறார்கள். காற்றாலையும் சூரிய சக்தியும் நம்மிடம் நிறைய இருக்கும்போது பணிமனைகளின் சார்ஜிங்கை அவற்றோடு இணைக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்.

அப்புறம், முக்கியமானது எண்ணிக்கை. கோடிப் பேருக்கு மேல் வாழும் இந்த மாநகருக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள் எப்படிப் போதும்? ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வருமென்றால் பலர் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அரை மணி நேரம் நிற்கவைத்தால் எவ்வளவு சுத்தமான பஸ்ஸாக இருந்தாலும் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதனால் புதுப் பேருந்து அறிவிப்பு வரும்போதெல்லாம் கேளுங்கள்: இதில் பழைய வண்டிக்கு மாற்றாக வருவது எத்தனை, கூடுதலாக வருவது எத்தனை?