"சாத்தியமில்லை" என்று எழுதும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்

இறுதியாண்டு பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. சூரிய மின்சாரம், காற்றாலை, மின் பேருந்து, ஹைட்ரஜன் வண்டி என்று "சாத்தியக்கூறு ஆய்வு" என்ற தலைப்போடு வருபவைதான் இப்போது அதிகம். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே வரியில் முடிகின்றன: "ஆகவே இத்திட்டம் சாத்தியமே." முடியுமா முடியாதா என்று பார்க்கப் போனவர்கள் அத்தனை பேருக்கும் "முடியும்" என்றே விடை கிடைக்கிறது என்றால், எங்கோ கோளாறு இருக்கிறது.

மாணவர்களைக் குறை சொல்லவில்லை. "முடியாதென்றால் இந்த ப்ராஜெக்டை ஏன் எடுத்தாய்?" என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பது ஆசிரியர்களான நாம்தானே. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர்கள் கடைசி வரியை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் அதற்கு ஏற்ற எண்களைத் தேடுகிறார்கள்.

அடிக்கடி வரும் ஒரு தலைப்பைச் சொல்கிறேன். நடக்கும்போது மின்சாரம் தரும் தரை ஓடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதிக்கும்போது ஓடு 5 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 × 9.8 × 0.005, சுமார் 3 ஜூல். கைபேசி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 15 வாட் மணி, அதாவது 54,000 ஜூல். துளிகூட வீணாகாது என்றே வைத்தாலும், ஒரு போனை நிரப்ப 18,000 தடவை மிதிக்க வேண்டும். பள்ளி இயற்பியலே போதும் இந்தக் கணக்குக்கு. ஆனால் அறுபது பக்க ரிப்போர்ட்டில் சர்க்யூட் படம் இருக்கும், ஓட்டின் புகைப்படம் இருக்கும், இந்த மூன்று வரி மட்டும் இருக்காது. இதைப் போட்டுக் காட்டி, "மின் உற்பத்திக்கு இது உதவாது, ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் சென்சாராக வேண்டுமானால் பயன்படும்" என்று ஒரு மாணவி எழுதினால், அதுதான் என் கண்ணில் முதல் தர ஆய்வு.

இந்தக் கணக்கைப் போடாமல் விடுவது மாணவர்கள் மட்டுமல்ல. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் 2016 டிசம்பரில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையில் சூரியத் தகடு பதித்துத் திறந்தார்கள். 2019-க்குள் அது தோல்வி என்று தெரிந்துவிட்டது. எதிர்பார்த்த மின்சாரத்தில் பாதியளவுதான் வந்தது, தகடுகளும் சேதமாகின. தரையில் படுக்கையாகக் கிடக்கும் தகட்டைச் சூரியனை நோக்கிச் சாய்க்க முடியாது. வண்டிச் சக்கரத்தைத் தாங்கக் கெட்டியான பூச்சு வேண்டும், அது கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். மேலே இலையும் அழுக்கும் வந்து விழும். இவ்வளவும் சாலை போடுவதற்கு முன்பே காகிதத்தில் தெரியக்கூடியவை. அதே தகடுகளை ஒரு கூரையில் சாய்த்து வைத்து ஒப்பிட்டிருந்தால் விடை கையில் கிடைத்திருக்கும்.

கணக்கு எப்போதும் கனவைக் கலைக்கத்தான் வருகிறது என்று நினைக்க வேண்டாம். கார் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சதுர மீட்டர் தகடு, 20 சதவீதத் திறன். உச்சி வெயிலில் 400 வாட். நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைத்தால் 2 யூனிட். சாதாரண மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு 150 வாட் மணி எடுக்கும் என்றால் சுமார் 13 கிலோமீட்டர் ஓடும். நிழலில் நிறுத்தினால் அதுவும் இல்லை. "சூரியனாலேயே ஓடும் கார்" என்ற தலைப்பு இங்கே விழுந்துவிடுகிறது. ஆனால் ஒரு நல்ல மாணவர் இங்கே நிற்க மாட்டார். வெயிலைக் கூட்ட முடியாது, அந்த 150-ஐக் குறைக்க முடியுமா என்று கேட்பார். ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர் நடக்கும் சூரியக் கார் பந்தயத்தின் உயிரே இந்தக் கேள்விதான். 1987-இல் நடந்த முதல் பந்தயத்தில் வென்ற சன்ரேசர் என்ற கார் சராசரியாக மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. எல்லோருக்கும் கிடைத்த அதே வெயில்தான். எடையையும் காற்றுத் தடையையும் குறைத்ததில் பெரும் வித்தை இருந்தது. பிறகு எத்தனையோ பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் அந்தப் பாதையில் ஓட்டிக் கற்றது இதைத்தான்.

காற்றாலை ரிப்போர்ட்டுகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்: வேகம் மூன்றில் ஒன்றானால் ஆற்றல் 3 × 3 × 3, அதாவது இருபத்தேழில் ஒன்றாகும். நொடிக்கு 12 மீட்டர் காற்றில் ஒரு கிலோவாட் தரும் சிறு விசிறி, 4 மீட்டர் காற்றில் இருபத்தேழில் ஒரு பங்குதான் தரும், 37 வாட். ரிப்போர்ட்டிலோ ஒரு கிலோவாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கியிருப்பார்கள். மாடியில் ஒரு மாதம் காற்றை அளந்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. ஹைட்ரஜனிலும் இதே கதைதான். மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஒரு கிலோ தயாரிக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் செலவாகிறது, ஹைட்ரஜனை மறுபடி மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தின் வழியே திரும்பி வருவது பதினாறு பதினேழு யூனிட். அந்த இழப்பைத் தாங்கும் அளவுக்கு உங்கள் வண்டிக்கு ஹைட்ரஜன் ஏன் வேண்டும் என்பதை எழுதாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

போக்குவரத்து ஆய்வுகளில் எனக்கு வருத்தம் இன்னும் அதிகம். பேருந்தை மின்சாரத்துக்கு மாற்றலாமா என்று எழுதுபவர்கள் அந்தப் பேருந்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போவதே இல்லை. பேட்டரியின் விலையை இணையத்தில் எடுக்கலாம். எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, மேட்டில் முழுக் கூட்டத்தோடு எப்படி ஏறுகிறது, மதியம் டிப்போவில் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்பதெல்லாம் அங்கே போனால்தான் கிடைக்கும். வேகமாக சார்ஜ் ஏற்றும் விலையுயர்ந்த கருவி வேண்டுமா, மெதுவாக ஏற்றும் சாதாரண கருவி போதுமா என்பதை அந்த மதிய இடைவேளைதான் முடிவு செய்யும். ஓட்டுநரிடம் அரை மணி நேரம் பேசினால் தெரிவது பல நாள் சிமுலேஷனில் தெரியாது.

கைடாக இருப்பவர்களுக்கும் எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராகப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வைவாவில் "இதன் பயன் என்ன?" என்று ஆரம்பிக்காதீர்கள். "உன் கணக்கில் எந்த ஒரு எண் மாறினால் முடிவு தலைகீழாகும்? அந்த எண்ணை எங்கே, எப்படி அளந்தாய்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால், முடிவு எந்தப் பக்கம் இருந்தாலும், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.