சதுஸ்ர ஏகத்துக்கு ஒரு மண்டபம்

(அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரம். தியாகராஜ ஆராதனைக்காக ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவை, காலைக் கச்சேரிக்கும் மாலைக் கச்சேரிக்கும் நடுவே, ஈரி ஏரிக்கரையில், தேர்ந்தெடுத்த இசைக்கலைஞர்களின் பெயரைச் சுவரில் பொறித்துக் கௌரவிக்கும் மண்டபமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு மாப்பிள்ளை கூட்டி வந்திருக்கிறார். மாமாவின் கையில் பஞ்சரத்ன கீர்த்தனைப் புத்தகம்.)

மாமா: கண்ணாடியிலேயே கோபுரம் எழுப்பியிருக்கிறார்களே மாப்பிள்ளை. இதை யார் துடைக்கிறார்கள்?

மாப்பிள்ளை: 1995ல் திறந்தது மாமா. ஐ. எம். பெய் என்ற பெரிய கட்டடக் கலைஞர் வடிவமைத்தது.

மாமா: வடிவமைத்தவரையா கேட்டேன்? துடைப்பவரைக் கேட்டேன். சரி, விடுங்கள். வந்ததிலிருந்து அந்தச் சுவரிலேயே கண்ணாக இருக்கிறீர்களே, என்ன தேடுகிறீர்கள்?

மாப்பிள்ளை: ஷீக் என்று ஒரு டிஸ்கோ குழு. பெயர் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் ஒரு நப்பாசை.

மாமா: ஏன் இருக்காது? நன்றாக வாசிக்க மாட்டார்களா?

மாப்பிள்ளை: பிரமாதமாக வாசிப்பார்கள். பதினொரு தடவை பரிந்துரைப் பட்டியலில் பெயர் வந்தது. பதினொரு தடவையும் ஓட்டு விழவில்லை. கடைசியில், 2017ல், குழுவை விட்டுவிட்டு அதிலிருந்த கிடார்காரர் நைல் ராட்ஜர்ஸுக்கு மட்டும் வேறொரு விருதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மாமா: (புத்தகத்தை மூடி வைத்துவிட்டு) உட்காருங்கள் மாப்பிள்ளை. இப்போதுதான் எனக்குப் புரிகிற விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: உங்களுக்கு டிஸ்கோ புரியுமா மாமா?

மாமா: டிஸ்கோ யாருக்கு வேண்டும்? கமிட்டி புரியும். பாடகர் எம்.டி. ராமநாதனுக்குக் கடைசிவரை சங்கீத கலாநிதி பட்டம் கிடைக்கவில்லை. நாற்பது வருடமாக நான் ரயிலில், கல்யாணத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாம் அதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறேன். கமிட்டியில் யார் யார், சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: இசைக்கலைஞர்கள், வரலாற்றாளர்கள், இசைத்தட்டு உலகத்து ஆட்கள் என்று ஆயிரத்துக்கு மேல் ஓட்டுப் போடுகிறார்கள். ரசிகர்களும் போடலாம். ஆனால் உலகத்து ரசிகர்கள் போட்டதையெல்லாம் சேர்த்து ஒரே ஓட்டாகத்தான் எண்ணுவார்கள்.

மாமா: ஒன்றா? அந்த மரியாதைகூட எங்களுக்கு இல்லை. எங்களை எண்ணுவதே இல்லை. சரி, அந்தப் பதினொரு தடவைக்காரர்கள் பாடியது எதைப் பற்றி?

மாப்பிள்ளை: அது... 1977 டிசம்பர் 31. நியூயார்க்கில் ஸ்டுடியோ 54 என்று ஒரு டிஸ்கோ நடன கிளப். கிரேஸ் ஜோன்ஸ் என்ற பாடகி வரச்சொன்னதால் நைல் ராட்ஜர்ஸும், பாஸ் கிடார் வாசிக்கும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் நன்றாக உடுத்திக்கொண்டு போனார்கள். வாசலில் இருந்தவரிடம் இவர்கள் பெயர் இல்லை.

மாமா: பாஸ் எழுதி வைக்க மறந்துவிட்டார்கள். மார்கழியில் எனக்கும் நடந்திருக்கிறது.

மாப்பிள்ளை: கோபத்தோடு வீட்டுக்குத் திரும்பி, வாசல்காரரைத் திட்டிக்கொண்டே வாசித்தார்கள். அந்தத் திட்டையே பல்லவியாக வைத்துவிட்டார்கள். அப்புறம் வானொலியில் போட முடியாதே என்று ஒரு வார்த்தையை மாற்றினார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் அதுதான் முதல் இடம்.

மாமா: மாற்றுவதற்கு முன்னால் என்ன வார்த்தை?

மாப்பிள்ளை: கெட்ட வார்த்தை மாமா.

மாமா: எவ்வளவு கெட்டது?

மாப்பிள்ளை: அத்தை பக்கத்து மாநிலத்தில் இருந்தால்கூடச் சொல்ல முடியாது.

மாமா: அப்படியானால் சாயங்காலம் காரில் சொல்லுங்கள். அடுத்த வருடம் என்றால் 1978. இங்கே ஆராதனை ஆரம்பித்ததும் 1978 தானே! ஒரே வருடத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது. அப்புறம் ஏன் ஓட்டு விழவில்லை?

மாப்பிள்ளை: டிஸ்கோ என்றாலே ராக் ரசிகர்களில் பலருக்கு இளக்காரம். 1979 ஜூலை 12, சிகாகோவில் பேஸ்பால் மைதானம். ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் அத்தனை தட்டையும் ஒரு பெட்டியில் போட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்து, புல்லெல்லாம் நாசமாகி, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. சிகாகோ தோற்றதாக அறிவித்துவிட்டார்கள்.

மாமா: தங்கள் ஊர்க் குழுவையே தோற்கடித்திருக்கிறார்கள்! சங்கீதம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போக வேண்டியதுதானே. வெடி எதற்கு?

மாப்பிள்ளை: பிடிக்காதது பாட்டு மட்டும் இல்லை மாமா. டிஸ்கோவை வளர்த்தவர்கள் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலீர்ப்பாளர்கள். அன்றைக்கு வாசலில் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் கவனித்திருக்கிறார். வந்து குவிந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை. கறுப்பினத்தவர் பாடியது என்பதே போதுமாக இருந்திருக்கிறது.

மாமா: (சற்று நேரம் பேசவில்லை) இதற்குக் கமிட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது மேலே வருகிற நுரைதான்.

மாப்பிள்ளை: அடுத்த வருடம் கிராமி இசை விருதுகளில் டிஸ்கோவுக்கென்று ஒரு விருது வைத்தார்கள். குளோரியா கேனர் என்ற பாடகியின் பாட்டுக்குக் கிடைத்தது. அதோடு விருதையே எடுத்துவிட்டார்கள்.

மாமா: ஒரே ஒரு தடவையா? பட்டத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையோடு பட்டத்தையே ஒழித்தார்களா?

மாப்பிள்ளை: அந்தப் பாட்டே முதலில் தட்டின் பின்பக்கம் கிடந்ததுதான். முன்பக்கம் வேறு பாட்டு. மேடையில் விழுந்து முதுகில் அடிபட்டு, இடுப்புப் பட்டையோடு நின்று பாடினாராம். கம்பெனிக்கு அக்கறையில்லை. டிஜேக்கள்தான் தட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, ஜனங்களைப் பைத்தியமாக்கினார்கள்.

மாமா: துக்கடாவாகப் போட்டது மெயின் ஆகிவிட்டது! அதைச் செய்தவர்கள் டிஜேக்களா?

மாப்பிள்ளை: ஆமாம் மாமா. (தொண்டையைச் செருமுகிறார்) டிஜேக்கள்.

மாமா: சரி, சரி. உங்கள் சனிக்கிழமை வேலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை: அதுதான் மாமா வருத்தம். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்?

மாமா: வாரநாளில் கம்ப்யூட்டர், சனி ஞாயிறு சங்கீத சேவை.

மாப்பிள்ளை: கோயிலில் பஜனை பாடுகிறேன் என்றல்லவா நினைத்திருப்பார்கள்!

மாமா: அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் மைக் செட்காரர் இருந்தார். ஆடி மாதம் முழுக்க இசைத்தட்டு ஓட்டினார். அவருக்கு யாரும் மண்டபம் கட்டவில்லையே.

மாப்பிள்ளை: இங்கே கட்டப் பார்த்தார்கள். டான்ஸ் மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்று 2004ல் நியூயார்க்கில் முதல் விழா. பாடகர்களில் டோனா சம்மர், பீ ஜீஸ், பேரி வைட். அவர்களோடு சமமாக லேரி லெவன் என்ற டிஜேவுக்கும், டாம் மோல்டன் என்ற ரீமிக்ஸ்காரருக்கும் மரியாதை.

மாமா: லேரி லெவன் என்ன வாசிப்பார்?

மாப்பிள்ளை: இசைத்தட்டு. நியூயார்க்கில் பழைய கார் கராஜ் ஒன்றில் 1977லிருந்து பத்து வருடம். பாரடைஸ் கராஜ் என்று பெயர். அங்கே மதுவே விற்க மாட்டார்கள்.

மாமா: குடிக்க ஒன்றும் கிடையாதா? அப்புறம் எதற்கு ஜனங்கள் போனார்கள்?

மாப்பிள்ளை: பாட்டுக்கு மாமா. விடியும்வரை ஆடுவார்கள். பழம், பழரசம் உண்டு.

மாமா: அப்போது அது சபாதான். மேலே சொல்லுங்கள். இந்த மோல்டன்?

மாப்பிள்ளை: அவர் கதையைக் கேட்டால் நீங்கள் எழுந்து நிற்பீர்கள். அப்போதெல்லாம் பாட்டு மூன்று நிமிடம். ஜனங்கள் ஆட ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும். இவர் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி நீட்டினார். குளோரியா கேனரின் முதல் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க மூன்று பாட்டை இடைவெளியில்லாமல் இணைத்தார். கிட்டத்தட்ட பத்தொன்பது நிமிடம்.

மாமா: ராகமாலிகை!

மாப்பிள்ளை: அடுத்தது தற்செயல். ஒருநாள் பாட்டை வெட்டிப் பார்க்க ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது. இருந்தது பத்து அங்குலம். இவ்வளவு பெரிய தட்டில் கொஞ்சம் கோடு மட்டும் இருந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று கோடுகளை அகலப்படுத்தி வெட்டச் சொன்னார். ஒலி அப்படிக் கனத்துக் கேட்டது. அதிலிருந்துதான் பன்னிரண்டு அங்குல சிங்கிள். 1976ல் கடைக்கே வந்துவிட்டது.

மாமா: பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று செய்தது கேட்க நன்றாகிவிட்டது. தாளம் என்ன?

மாப்பிள்ளை: நாலு அடி. நாலிலும் பெரிய டிரம் விழும். பிலடெல்பியாவில் ஏர்ல் யங் என்பவர் அப்படி அடித்து நிலைக்க வைத்தார்.

மாமா: (தொடையில் தட்டிப் பார்த்து) சதுஸ்ர ஏகம். ராத்திரி முழுக்க இதேதானா? கோர்வை இல்லை, தீர்மானம் இல்லை?

மாப்பிள்ளை: அங்கேதான் மோல்டன் வருகிறார். பாட்டின் நடுவில் குரலை எடுப்பார், வயலினை எடுப்பார், ஒவ்வொன்றாகக் கழற்றி, தாள வாத்தியத்தை மட்டும் விடுவார். அதற்கு பிரேக் என்று பெயர்.

மாமா: நில்லுங்கள். பாட்டுக்காரர் வாயை மூடிக்கொள்ள, தாளம் மட்டும் தனியாகப் போகிறதா?

மாப்பிள்ளை: ஆமாம்.

மாமா: தனி ஆவர்த்தனம்!

மாப்பிள்ளை: அதேதான்.

மாமா: அப்போது ஜனங்கள் எங்கே போவார்கள்? வெளியே காபிக்கா?

மாப்பிள்ளை: அப்போதுதான் மாமா, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உள்ளே ஓடி வருவார்கள்.

மாமா: (கண்ணாடியைக் கழற்றி) மாப்பிள்ளை, மெட்ராஸில் ஐம்பது வருடமாகத் தனி ஆரம்பித்ததும் சபா காலியாவதைப் பார்த்திருக்கிறேன். மிருதங்கக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளே ஓடி வருகிறார்கள் என்றா சொல்கிறீர்கள்?

மாப்பிள்ளை: விழுந்தடித்துக்கொண்டு.

மாமா: அந்த மண்டபம் எங்கே? நாளைக்கே போகலாம். காலைக் கச்சேரி போனால் போகட்டும்.

மாப்பிள்ளை: மண்டபம் எழும்பவில்லை மாமா. 2005ல் இரண்டாவது விழா. ஷீக், குளோரியா கேனர், சில்வெஸ்டர் எல்லாரையும் சேர்த்தார்கள். அதோடு நின்றுவிட்டது.

மாமா: இரண்டே வருடமா? கேண்டீன் வைக்காமல் நடத்தியிருப்பார்கள். ஆனால் அந்த ஷீக்குக்கு அங்கேயாவது கிடைத்ததே.

மாப்பிள்ளை: கிடைத்தது. ஆனால் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் 1996லேயே போய்விட்டார். லேரி லெவன் 1992ல், சில்வெஸ்டர் 1988ல். டோனா சம்மர் 2012 மே மாதம் இறந்தார். 2013ல் இந்தக் கண்ணாடிக் கட்டடக்காரர்கள் அவரைச் சேர்த்தார்கள்.

மாமா: படத்துக்கு மாலை. கமிட்டிக்கு அதுதான் வசதி. படம் எழுந்து நின்று ஏற்புரையில் ஏதாவது சொல்லிவிடாது பாருங்கள்.

மாப்பிள்ளை: சிகாகோவில் மட்டும் உயிரோடு இருக்கும்போதே ஒருவருக்குச் செய்தார்கள். ஃபிரான்கி நக்கிள்ஸ், டிஜே. வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் வாசித்தார். ஹவுஸ் மியூசிக் என்கிறார்களே, அதன் பெயரே அந்த கிளப்பிலிருந்து வந்ததுதான். 2004ல் அந்தத் தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2023ல் அந்தக் கட்டடத்தையே நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்கள்.

மாமா: இசைத்தட்டுக்கு வெடிவைத்த அதே ஊரிலா?

மாப்பிள்ளை: அதே ஊரில்தான். ஐந்தாறு மணி நேரம் காரில் போனால் பார்க்கலாம்.

மாமா: போவோம். அத்தையிடம் ஏதோ பழைய கட்டடம், சரித்திர முக்கியத்துவம் என்று சொல்லிவிடலாம். பொய்யில்லையே.

(மாமாவின் கைபேசி அடிக்கிறது. எழுந்து நின்று, அமெரிக்காவிலிருந்து பேசுவதால் உரக்கப் பேசுகிறார்.)

மாமா: யாரு, சின்னையனா? சொல்லுடா... ஆராதனை ஜோராக நடக்கிறது... மாப்பிள்ளையா? பக்கத்தில்தான் இருக்கிறார்... பஜனையா? அதெல்லாம் இல்லை. அவர் டிஜே... டிஜேடா, டிஜே! ஏன் இழுக்கிறாய்? தனி ஆவர்த்தனம் வரும்போது ஒருத்தனையும் காபிக்குப் போகவிடாமல் நிறுத்தி வைக்கிற வித்தை தெரிந்தவர்... ஆமாம், இங்கே அதற்குத் தெருவுக்கே பெயர் வைக்கிறார்கள். (கைபேசியைப் பொத்திக்கொண்டு) எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்கிறான்.

மாப்பிள்ளை: கல்யாணம் என்றால் மணிக்கு இருநூறு டாலர் என்று சொல்லுங்கள்.

மாமா: மணிக்கு இருநூறு டாலராம்... டாலர்தான்... ஹலோ? இருக்கிறாயா? (கேட்டுவிட்டு, மறுபடியும் பொத்திக்கொண்டு) அவன் பேரன் ஆறு வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறான் மாப்பிள்ளை. இதற்கு அரங்கேற்றம் உண்டா, வயது வரம்பு என்ன என்று கேட்கிறான்.